அச்சக மதிப்பீட்டின் சொற்கள்: எந்த அளவு எதை அளக்கிறது?

"டெமி 1/8, 320 பக்கம். உள்தாள் 80 ஜிஎஸ்எம், நேச்சுரல் ஷேட், 1+1. அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, 4+0, மேட் லேமினேஷன். பெர்ஃபெக்ட் பைண்டிங்."

புத்தகம் அச்சிட விலை கேட்டால் வரும் பதில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். பலர் இதன் கடைசியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் புத்தகம் எப்படி விரியும், மறுபக்க எழுத்து தெரியுமா, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதெல்லாம் தொகைக்கு முந்தைய சொற்களில் முடிவாகிவிடுகிறது. அந்தச் சொற்களில் சில, கேட்டதும் நாம் நினைக்கிற ஒன்றை அளப்பதே இல்லை. ஜிஎஸ்எம் தடிமனைச் சொல்வதில்லை. பாயிண்ட் எழுத்தின் உயரத்தைச் சொல்வதில்லை. 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் 300 புள்ளி) என்ற எண் படத்தின் தெளிவுக்கு உறுதி தருவதில்லை. அச்சகத்துக்கும் அச்சிடக் கொடுப்பவருக்கும் இடையே எழும் மனத்தாங்கலில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆகவே, ஒவ்வொரு அளவும் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்ற வரிசையில் இதைப் பார்ப்போம்.

1. ஜிஎஸ்எம்: எடை, எடை மட்டுமே

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறது என்பதே ஜிஎஸ்எம். ஏ வரிசைத் தாள்களை வைத்து இதை எளிதில் சரிபார்க்கலாம். 841 × 1189 மி.மீ. கொண்ட ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. ஆகவே ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு ஏ4 சரியாக 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ.

நாளிதழ்த் தாள் 45 ஜிஎஸ்எம்மை ஒட்டி இருக்கும். நூல்களின் உள்பக்கங்கள் பெரும்பாலும் 60 முதல் 90 வரை. பளபளப்பான ஆர்ட் பேப்பர் 90 முதல் 170 வரை. மெல்லட்டை நூல்களின் அட்டைக்கு 210 முதல் 300 வரை.

சில நூல்களின் உரிமைப் பக்கத்தில் ஜிஎஸ்எம்முக்குப் பதிலாக "18.6 கிலோ தாள்" என்று இருக்கும். அது ஒரு ரீமின் எடை. 58.5 × 91 செ.மீ. அளவுள்ள 500 தாள்கள் 18.6 கிலோ எடை என்று கணக்கிட்டால் 70 ஜிஎஸ்எம் வரும். அதே அளவில் 16 கிலோ என்றால் 60, 21.3 கிலோ என்றால் 80. கிலோக் கணக்கு தாளின் நீள அகலத்தோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். அளவைச் சொல்லாமல் கிலோவை மட்டும் சொன்னால் இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிட முடியாது.

எடை கூடினால் தாள் தடிமனாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஒரே வகைத் தாளுக்குள் அது சரி. வகை மாறினால் அது பொய்த்துவிடும். தடிமன் மைக்ரானில் அளக்கப்படுகிறது. அதை ஜிஎஸ்எம்மால் வகுத்தால் கிடைப்பது பல்க். உருளைகளுக்கிடையே கடுமையாக அழுத்தப்பட்டு, களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் பூசப்பட்ட ஆர்ட் பேப்பர் அடர்த்தியானது; அதன் பல்க் 0.8 அளவில் இருக்கும். நூல்களின் உள்பக்கங்களுக்குப் பயன்படும் பூச்சில்லாத தாளான மேப்லித்தோவின் பல்க் 1.25 அல்லது 1.3. நூல்களுக்கென்றே தயாராகும் பல்க்கி தாளில் இது 1.8 வரைகூடப் போகும். அதனால்தான் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோவைவிட மெலிதாக இருப்பதைக் காண்கிறோம்.

இதன் விளைவு நேராக முதுகில் தெரியும். 320 பக்கம் என்பது 160 இதழ்கள். 80 ஜிஎஸ்எம், பல்க் 1.25 என்றால் ஒரு இதழ் 100 மைக்ரான். நூலின் தடிமன் 16 மி.மீ. அதே 80 ஜிஎஸ்எம், பல்க் 1.8 என்றால் ஒரு இதழ் 144 மைக்ரான். நூல் 23 மி.மீ. மதிப்பீட்டில் இரண்டும் "80 ஜிஎஸ்எம்" என்றே எழுதப்பட்டிருக்கும். 16 மி.மீ. முதுகுக்கு வரைந்த அட்டையை 23 மி.மீ. நூலில் ஏற்றினால் முன்னட்டைக்காக வரைந்த பகுதி முதுகின் மேல் மடிந்து உட்கார்ந்துவிடும். அட்டை வடிவமைப்பாளர் அச்சகத்தைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு இதழ் எத்தனை மைக்ரான் என்பதுதான்.

2. கிரெயின்: மதிப்பீட்டில் வராத சொல்

மேலே காட்டிய மதிப்பீட்டில் இந்தச் சொல்லே இல்லை. பெரும்பாலான மதிப்பீடுகளில் இருக்காது. ஆனால் ஒரு நூல் நன்றாக விரிவதும் விறைத்து நிற்பதும் இதைப் பொறுத்தது.

தாள் உருவாகும் இயந்திரத்தில் நார்க்கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடுகின்றன. அந்தத் திசைதான் கிரெயின். நார்களுக்கு இணையாகத் தாள் எளிதில் மடியும், நேராகக் கிழியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் நீளத்தில் அதிகம் மாறாது, அகலத்தில் உப்பும். அதனால் தாள் முழுவதும் கிரெயினுக்குக் குறுக்காகவே விரிகிறது.

இப்போது நூலுக்கு வருவோம். கிரெயின் முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கங்கள் இயல்பாக விழும். ஈரக்காற்றில் தாள் விரிந்தாலும் அது திறந்த ஓரத்தை நோக்கியே விரியும். கிரெயின் முதுகுக்குக் குறுக்காக இருந்தால், விரிய முயலும் தாளை முதுகில் உள்ள பசை பிடித்துக்கொள்கிறது. விளைவாக முதுகை ஒட்டிய பகுதி அலையலையாக நெளியும். திறந்த நூல் தானாகவே மூடிக்கொள்ளும். தடித்த அட்டையாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும்.

கையில் உள்ள தாளின் கிரெயினைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு:

1. நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை கிழித்துப் பாருங்கள். நேர்கோட்டில் கிழிவதே கிரெயின் திசை.
2. ஒரு சிறு சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது ஒரு குழலாகச் சுருளும். அந்தக் குழலின் நீளவாக்கே கிரெயின்.

தாள் வீணாகாமல் இருக்க, அச்சகங்கள் சில நேரம் பக்கங்களைக் குறுக்காகத் திருப்பி அடுக்கிவிடுவதுண்டு. தாளில் மிச்சம் பிடிக்கலாம். அதன் சுமையை வாசகர்தான் சுமக்கிறார். "கிரெயின் முதுகுக்கு இணையாக" என்ற மூன்று சொற்களை ஒப்பந்தத்தில் சேர்ப்பதை வலியுறுத்துகிறேன்.

3. வெண்மை, ஒளிபுகாமை, ஆயுள்

பிரைட்னஸ் என்ற எண், 457 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத் தாள் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை அளக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும் பொருள்களைத் தாளில் சேர்த்தால் இந்த எண் ஏறிவிடும். அதிகப் பிரைட்னஸ், அதிகத் தரம் என்று கொள்வதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. வண்ணப்படங்களுக்கு வெண்மை வேண்டும். நெடுநேரம் படிக்கும் உரைநடைக்குப் பழுப்புச் சாயலுள்ள நேச்சுரல் ஷேட் தாளே பொருத்தமானது என்பேன்.

மறுபக்க எழுத்து தெரிவதைத் தீர்மானிப்பது ஒபாசிட்டி, அதாவது ஒளிபுகாமை. இது சதவீதத்தில் சொல்லப்படும். எடை குறைவாக இருந்தும் நிரப்புப் பொருள் சரியாகச் சேர்த்த தாள், அதைவிடக் கனமான தாளைக் காட்டிலும் நன்றாக மறைப்பதுண்டு.

ஆயுள் வேதியியல் சார்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழும், படிகாரமும் ரோசினும் கலந்த பூச்சும் பரவலாக வந்தன. அவற்றிலிருந்து பிறக்கும் அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுத்துத் தாளை நொறுங்க வைக்கிறது. அந்தக் காலத்து நூல்கள் பல இன்று தொட்டால் உதிர்வது இதனால்தான். அமிலமற்ற, காரச்சேமிப்புள்ள தாளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9706. ஆவணமாக நிற்க வேண்டிய நூலுக்கு இதைக் கேட்டு வாங்குவது கடமை.

4. டெமி, 1/8, ஃபாரம்

ஏ வரிசை, பக்கங்களின் விகிதம் 1:1.414 என்ற கணக்கில் அமைந்தது. பாதியாக வெட்டினாலும் விகிதம் மாறாது. 1922இல் ஜெர்மனியில் தரமாக்கப்பட்டு, பின்னர் ஐஎஸ்ஓ 216 ஆனது. டெமி, கிரவுன் ஆகியவை அதற்கு முந்தைய பிரிட்டிஷ் தாள் அளவுகள்: டெமி 17½ × 22½ அங்குலம், கிரவுன் 15 × 20 அங்குலம். 1/8 என்பது அந்தத் தாளில் எட்டில் ஒரு பங்கு ஒரு இதழ் என்று பொருள். ஓரம் வெட்டிய பின் டெமி 1/8 நூல் ஏறத்தாழ 5½ × 8½ அங்குலம் நிற்கும்.

பக்கங்கள் தனித்தனியாக அச்சாவதில்லை. பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அடுக்கி அச்சிட்டு, மடித்து, வெட்டுகிறார்கள். அப்படி மடிந்து வரும் ஒரு தொகுதியே ஃபாரம். நூல்களில் பெரும்பாலும் 16 பக்கம். பக்கங்களைத் தாளில் எந்த இடத்தில், எந்தத் திசையில் வைப்பது என்ற கணக்கு இம்பொசிஷன்.

நம் எடுத்துக்காட்டில் உள்ள 320 பக்கம், மிச்சமில்லாமல் 20 ஃபாரம். ஆசிரியர் கடைசி நேரத்தில் ஒரு பின்னுரை சேர்த்து 324 ஆக்கினால், அந்த நான்கு பக்கத்துக்குத் தனிப் பிளேட் (அச்சு உருவைத் தாங்கும் தகடு), தனி ஓட்டம், தனி மடிப்பு. செலவு நான்கு பக்கத்துக்கு உரியதைவிட அதிகமாக ஏறும். அதற்குப் பதிலாக முன்பக்கங்களை இறுக்கி 320க்குள் கொண்டுவருவதோ, 336 வரை விரிப்பதோ நல்லது.

ஆயிரம் படிக்கும் இருநூறு படிக்கும் ஒரு படியின் அடக்க விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. ஆஃப்செட் முறையில் பிளேட் தயாரித்து, இயந்திரத்தில் ஏற்றி, மையையும் நீரையும் சமன் செய்து, நல்ல தாள் வரும்வரை ஓட்டும் வேலைக்கு மேக்ரெடி என்று பெயர். இந்தச் செலவு ஒரு படிக்கும் பத்தாயிரம் படிக்கும் ஒன்றுதான். டிஜிட்டல் முறையில் பிளேட் கிடையாது. ஆகவே சிறிய எண்ணிக்கைக்கு அது மலிவு. ஆனால் எண்ணிக்கை கூடக்கூட, ஆஃப்செட்டைப்போல அதில் படி விலை இறங்குவதில்லை.

5. 4+0, சிஎம்ஒய்கே, டிபிஐ

கூட்டல் குறியின் இடப்பக்கம் தாளின் முன்புற மைகளின் எண்ணிக்கை, வலப்பக்கம் பின்புறம். 4+0 என்றால் முன்புறம் நான்கு மை, பின்புறம் வெறுமை. 1+1 என்றால் இருபுறமும் ஒரு மை. ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட். 4+4 ஃபாரத்துக்கு எட்டுப் பிளேட்.

அந்த நான்கு மைகள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. சுருக்கமாகச் சிஎம்ஒய்கே. திரை, சிவப்பு பச்சை நீல ஒளிகளைக் கூட்டி நிறம் தருகிறது, அதுதான் ஆர்ஜிபி. மை, வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியைக் கழித்து நிறம் தருகிறது. இரண்டு வழிகளும் எட்டக்கூடிய நிறங்களின் எல்லை ஒன்றல்ல. திரையில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் மங்குவது அச்சகத்தின் கவனக்குறைவால் அல்ல. அந்த நிறம் நான்கு மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நிறுவனச் சின்னங்களில் நிறம் பிசகக்கூடாது என்றாலோ, தங்க நிறம் வேண்டுமென்றாலோ, கலந்து தயாரித்த தனி மையை ஐந்தாவது பிளேட்டில் ஓட்டுவார்கள். அது ஸ்பாட் கலர். 1963இல் வந்த பான்டோன் எண்முறை இதற்கானது.

ஆஃப்செட் இயந்திரம் ஒரு புள்ளியில் மையை இடும், அல்லது இடாது. இளநிறம் என்று ஒன்றை அதனால் இட முடியாது. ஆகவே படம் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைக்கப்படுகிறது, இதுவே ஹாஃப்டோன். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வரிசை என்பது எல்பிஐ. நாளிதழில் 85 முதல் 100, பொதுவான வண்ண அச்சில் 133 முதல் 150, உயர்தர ஆர்ட் பேப்பரில் 175 அல்லது அதற்கு மேல். நான்கு மைகளின் புள்ளி வரிசைகளும் ஒரே கோணத்தில் இருந்தால் குறுக்கே பூப்பின்னல்போல ஒரு வடிவம் தோன்றிப் படத்தைக் கெடுக்கும். அதனால் கறுப்பு 45 பாகை, சயான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0 என்று பிரித்து வைப்பது வழக்கம்.

இந்த அடிப்படையிலிருந்து நான்கு விளைவுகள் வருகின்றன:

1. 300 டிபிஐ என்ற எண் இங்கிருந்தே பிறந்தது. 150 எல்பிஐக்கு அதன் இருமடங்கு விவரம் போதும் என்ற நடைமுறைக் கணக்கு அது. ஆனால் அது அச்சாகும் அளவில் இருக்க வேண்டும். 1200 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் 4 அங்குலம்தான். அதை 8 அங்குலத்துக்கு இழுத்தால் 150 ஆகிவிடும். மென்பொருளில் 300 என்று தட்டுவதால் இல்லாத விவரம் உண்டாகாது.

2. தாளில் விழும் புள்ளி பரவும். இது டாட் கெயின். 50 சதவீதப் புள்ளி தாளில் 60ஐத் தாண்டி நிற்கும். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் அதில் இன்னும் அதிகம். ஆர்ட் பேப்பருக்குச் சரிசெய்த படத்தை அப்படியே மேப்லித்தோவில் போட்டால் முகங்கள் இருண்டு போவது இதனால்.

3. நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டினால் வருவது மொத்த மை அளவு. ஆர்ட் பேப்பர் 300 அல்லது சற்று மேல் தாங்கும். நாளிதழ்த் தாள் 240ஐ ஒட்டி நின்றுவிடும். மீறினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும்.

4. சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டுமே அச்சிட வேண்டும். நான்கு மையால் ஆன கறுப்பில் உள்ள எழுத்து, பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் நிற நிழலோடு மங்கும். எல்லா மைகளும் தாளில் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்துவதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். பரந்த கறுப்புப் பின்னணிக்கு மட்டும் கறுப்போடு பிற மைகளைச் சேர்த்த ரிச் பிளாக்கைப் பயன்படுத்தலாம்.

6. பாயிண்ட், லெடிங், தமிழ் எழுத்தின் தேவை

இன்றைய கணினி அச்சுக்கோப்பில் ஒரு பாயிண்ட், அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, 0.353 மி.மீ. ஐரோப்பியப் பழைய டிடோ பாயிண்ட் சற்றுப் பெரிது, 0.376 மி.மீ. 12 பாயிண்ட் ஒரு பைகா.

12 பாயிண்ட் என்பது எந்த எழுத்தின் உயரமும் அன்று. உலோக அச்சில் எழுத்து செதுக்கப்பட்ட கட்டையின் உயரம் அது. கணினியில் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத பெட்டியாகிவிட்டது. பெட்டிக்குள் எழுத்தைப் பெரிதாக வரைவதா, சிறிதாக வரைவதா என்பது எழுத்துரு வடிவமைப்பாளரின் விருப்பம். ஆகவே ஒரு எழுத்துருவின் 10 பாயிண்ட், இன்னொன்றின் 12 பாயிண்டுக்குச் சமமாகத் தெரியலாம். எழுத்துருவின் பெயரைச் சொல்லாமல் "11 பாயிண்டில் போடுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது பாதி உத்தரவுதான். மாதிரிப் பக்கத்தைத் தாளில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரையிலான தூரம் லெடிங். லத்தீன் எழுத்துக்கு மென்பொருள்கள் தாமாக வைக்கும் அளவு எழுத்தளவில் 120 சதவீதம். தமிழுக்கு அது போதாது. "கி", "கீ" ஆகியவற்றின் மேல்விலங்குகள் மேலே எழுகின்றன. "கு", "ழூ" போன்றவை கீழே இறங்குகின்றன. புள்ளிகள் எங்கும் உண்டு. மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளாமல் இருக்க 135 முதல் 150 சதவீதம் வரை வைப்பதே முறை என்பேன். பக்க எண்ணிக்கையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த இடைவெளிதான். அது வாசகருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

எழுத்து இணைகளுக்கிடையே தனித்தனியாகச் சரிசெய்யும் இடைவெளி கெர்னிங். ஒரு பகுதி முழுவதுக்கும் சீராகக் கூட்டுவது, குறைப்பது டிராக்கிங். இருபுறமும் சமமாக நிற்கும் பத்தியில் தமிழ் தனிச் சிக்கல் தருகிறது. விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீள்வதால், ஒரு வரியில் நான்கைந்து சொற்களே அமைகின்றன. சொல்லை உடைக்காவிட்டால் இடைவெளிகள் ஓட்டை ஓட்டையாகத் திறக்கும். உடைக்கும்போது மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. "கொ" போன்ற எழுத்தின் உறுப்புகள் பிரியக்கூடாது. தமிழுக்குரிய வரியமைப்பு வசதியை மென்பொருளில் இயக்கினோமா என்பதைச் சரிபார்க்காமல் பக்கம் அமைக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து குறியேற்றம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்தக் கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகள் வரும். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவதுண்டு. மாற்றிய பின் மெய்ப்பு முழுவதையும் மீண்டும் படித்தாக வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துருக்கள் உட்பொதிந்திருக்க வேண்டும். பிடிஎஃப்/எக்ஸ் என்ற தரம் இதைக் கட்டாயமாக்குகிறது.

7. பிளீட், பைண்டிங்

வெட்டும் கத்தி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழாது. ஓரம் வரை நிறம் வேண்டுமென்றால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை அந்த நிறத்தை நீட்ட வேண்டும், அதுதான் பிளீட். முக்கியமான எழுத்துகளைக் கோட்டிலிருந்து அதே அளவாவது உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

சென்டர் பின் பைண்டிங்குக்குப் பக்கம் நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். மெல்லிய பத்திரிகைகளுக்கு அது போதும். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் ஃபாரங்களின் மடிப்பைச் சீவி, சூடான பசையில் அட்டையோடு ஒட்டுகிறார்கள். நூல் பல ஆண்டு புரட்டப்படும் என்றால் ஃபாரம்களை நூலால் தைத்து ஒட்டும் முறையே ஏற்றது. அது நன்றாக விரியும், இதழ் கழன்று விழாது. பெர்ஃபெக்ட் முறையே போதும் என்று முடிவானால், இவிஏ பசையா பியூஆர் பசையா என்று கேளுங்கள். பியூஆர் நெகிழ்வும் பிடிப்பும் கூடியது; குளிரிலும் வெப்பத்திலும் எளிதில் விடாது. உள்ஓரத்தில் எழுத்து மறையாதிருக்க, முதுகுப்பக்க மார்ஜினைச் சற்றுத் தாராளமாக விட வேண்டும்.

8. ப்ரூஃப்: எதற்குக் கையெழுத்திடுகிறோம்

1. மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் ப்ரூஃப், எழுத்தையும் பக்க வரிசையையும் பார்க்க மட்டுமே. நிறத்துக்கு அது சான்றாகாது.
2. அளவுத்திருத்தம் செய்த இயந்திரத்தில் எடுத்த டிஜிட்டல் ப்ரூஃப் நிறத்தைக் கணித்துக் காட்டும்; ஆனால் பெரும்பாலும் வேறு தாளில்.
3. அதே தாளில், அதே பிளேட்டில், அதே மையில் ஓட்டிக் காட்டும் மெஷின் ப்ரூஃப் மட்டுமே முழுச் சான்று. செலவு கூடுதல், வண்ண நூல்களுக்கு அது தகும்.

நிறம் பார்க்கும் இடத்தின் விளக்கும் இதில் சேரும். அச்சுத் துறையின் பார்வை ஒளி 5000 கெல்வின் என்று ஐஎஸ்ஓ 3664 வரையறுக்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் சம்மதித்த நிறம் பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரிந்தால் அதற்கு அச்சகம் பொறுப்பாகாது. முதுகின் தடிமனுக்கோ இதுவரை சொன்ன எந்த ப்ரூஃபும் விடை சொல்லாது. அதற்கு டம்மி கேட்க வேண்டும்: தேர்ந்தெடுத்த தாளிலேயே 160 வெற்று இதழ்களை அடுக்கி, அதே முறையில் கட்டித் தரும் மாதிரி நூல். அதன் முதுகை அளந்த பிறகே அட்டைக் கோப்பை இறுதியாக்க வேண்டும்.